முதலில் கடித்துப் பார்

ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். திருப்பூர், பெங்களூர் என்று வேலைக்கு இறங்கிப் போய்ப் பொங்கலுக்கு மலையேறி வரும் பிள்ளைகள் இப்போதெல்லாம் ஸ்மூத்தி என்கிறார்கள். கைபேசியில் பார்த்ததை வீட்டு மிக்சியில் அடிக்க வேண்டுமாம். காயும் பழமும் கொல்லையிலேயே விளைகிற ஊரில் இந்த ஆசை வந்தது நல்லதுதான். ஆனால் வருகிற கேள்வியெல்லாம் “எதைப் போடலாம் அத்தை?” என்பதாகவே இருக்கிறது. எதைப் போடக் கூடாது, எவ்வளவு போதும், யார் குடிக்கக் கூடாது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்தே எழுதிவைக்கிறேன்.

1. செய்முறையைத் தேடுவதற்கு முன்னால் கொல்லைக்குப் போ. ப்ளூபெர்ரிக்கும் கேல் கீரைக்கும் சந்தை சந்தையாக அலையாதே. ஜவ்வாது மலையில் ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று கனிந்துகொண்டேதான் இருக்கும். சித்திரை பிறந்தால் மாவும் பலாவும். ஆனி, ஆடியில் நாவல். ஆவணியில் தொடங்கி ஐப்பசி வரை சீத்தா. அது ஓயும்போது நெல்லி. கொய்யா, பப்பாளி, வாழை இருக்கிற வீட்டில் நடுவில் இடைவெளியே விழாது. முதலில் கனிந்த பழம் எது என்று பார். அதற்குத் தோதான காயை அப்புறம் தேடு. நன்றாகக் கனிந்த பழம் சர்க்கரை கேட்காது. செங்காயாகப் பறித்ததைப் போட்டால் எவ்வளவு வெல்லம் போட்டாலும் நிறைவு வராது.

இதோடு சேர்த்து ஒரு வார்த்தை. பழத்தைக் கூடை கூடையாக வியாபாரிக்குப் போட்டுவிட்டு, அந்தக் காசில் பிள்ளைக்குப் பாக்கெட் ஜூஸ் வாங்கிக் கொடுக்கிற பழக்கம் நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. கூடை கட்டும்போதே வீட்டுக்கென்று நாலு பழத்தை எடுத்து வை.

2. காயை நறுக்கியதும் ஒரு துண்டை வாயில் போட்டுக் கடி. மற்றதையெல்லாம் மறந்தாலும் எனக்கு வருத்தமில்லை. இதை மறந்தால் வருத்தம்.

சுரை, வெள்ளரி, பீர்க்கு, பூசணி போன்ற கொடிக்காய்களில் குகுர்பிட்டசின் என்ற கசப்புப் பொருள் உண்டு. நாம் சமைக்கிற ரகங்களில் அது நாக்குக்கே தெரியாத அளவுதான் இருக்கும். காட்டுச் சுரையோடு கலப்பு விழுந்த விதையை எடுத்து நட்டிருந்தாலும், கொடி தண்ணீரில்லாமல் வெயிலில் வதங்கியிருந்தாலும் அந்தக் கசப்பு ஏறிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் காயில் ஒரு வித்தியாசமும் தெரியாது. குழம்பில் கசந்தால் முதல் வாயிலேயே துப்பிவிடுவோம். மிக்சியில் அப்படி இல்லை. இஞ்சி, எலுமிச்சை, புதினா, தேன் எல்லாம் சேர்ந்து கசப்பை மூடிவிடும். கொஞ்சநஞ்சம் தெரிந்தாலும், கசந்தால்தான் மருந்து என்ற நினைப்பில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுவோம்.

2010-ல் தில்லியில் கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்த ஒரு விஞ்ஞானி இறந்துபோனார். படித்தவர், ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஒரு நிபுணர் குழுவை அமைத்து இதை ஆராய்ந்தது; 2012-ல் அறிக்கை வெளிவந்தது. அந்தக் குழு சொன்னது எளிய விஷயம்தான். சாறு எடுக்கும் முன் சுரைக்காயின் ஒரு துண்டைச் சுவைத்துப் பார். கசந்தால் காயையே தூக்கிப்போடு. வேறு சாற்றோடு கலக்காதே. குடித்த பிறகு வயிறு புரட்டினாலோ வாந்தி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்த வாந்தி, இரத்த அழுத்தம் சடாரென்று இறங்குவது என்று உடம்பை வேகமாகப் படுக்கவைத்துவிடும். நாம் இருப்பது மலை. 108 ஆம்புலன்ஸ் வந்து, வளைவுகளில் இறங்கிச் சேர்வதற்குள் நேரம் போய்விடும். அதனால் காத்திருந்து பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

வெள்ளரிக்காயின் காம்பு நுனியை நறுக்கித் தேய்த்து நுரை எடுத்தால் கசப்பு போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். காம்புப் பக்கம் கசப்பு கூடுதல் என்பது உண்மை; அதை வெட்டி எறிவது நல்லது. நுரை எடுத்துவிட்டோம் என்று நம்பி, கடித்துப் பார்க்காமல் போடுவதுதான் தப்பு. பாகற்காயும் கசக்கத்தானே செய்கிறது என்பாய். அதன் கசப்பு அதற்கு இயல்பு. ஆனால் பாகலையும் சுரையையும் ஒன்றாக அரைத்தால், எந்தக் கசப்பு எதிலிருந்து வருகிறது என்று உன் நாக்குக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே ஜாரில் போடாதே.

3. வடிகட்டாதே. சாறு வேறு, அரைத்துக் குடிப்பது வேறு. ஜூஸ் ஜாரில் வடிகட்டி வைத்து எடுத்தால் நார்ச்சத்து முழுக்கச் சக்கையில் தங்கிவிடும். உன் டம்ளரில் விழுவது சர்க்கரைத் தண்ணீரும் கொஞ்சம் சத்தும். சக்கையோடு குடித்தால் வயிறும் நிறையும், இரத்தத்தில் சர்க்கரையும் அவ்வளவு வேகமாக ஏறாது. கொய்யா விதைக்கு மட்டும் விலக்கு உண்டு. கொய்யாவை மட்டும் தனியாக இரண்டு சுற்று சுற்றி, கண் பெரிய சல்லடையில் தேய்த்து விதையை நீக்கிக்கொள். பாக்கெட் ஜூஸையும் நம்பாதே; அதன் மேல் “100 சதவீதம் பழச்சாறு” என்று போடுவதை நீக்கச் சொல்லி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. செறிவூட்டிய சாற்றில் தண்ணீர் சேர்த்துத் திரும்ப உண்டாக்கியதை முழுப் பழச்சாறு என்று எப்படிச் சொல்வது?

4. ஒரு டம்ளர் போதும். வீடியோவில் காட்டுகிற அந்தப் பெரிய கண்ணாடி ஜாடியைப் பார்த்து அளவு வைக்காதே. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்று இருக்கிறது. கவனித்தாயா? காய் நாலு பங்கு, பழம் ஒரு பங்கு. நாம் ஜாரில் போடுவது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. டம்ளருக்குப் பழம் ஒரு பங்கு, காய் இரண்டு பங்கு என்று தொடங்கு. மீதிக் காயைச் சோற்றோடு சாப்பிடு. ஸ்மூத்தி குடித்தோமே என்று பொரியலை விட்டுவிடாதே.

5. நெல்லியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கடையில் எலுமிச்சை அளவுக்குப் பளபளவென்று வருவது தோட்ட ரகம். என்.ஏ.7, பி.எஸ்.ஆர்.1 என்று பெயர் வைத்திருப்பார்கள்; பின்னது பவானிசாகரில் உருவாக்கியது. நம் காட்டு மரத்தில் காய்ப்பது சின்னது, துவர்ப்பு தூக்கல். தோட்ட நெல்லி ஒன்று போடச் சொன்னால் காட்டு நெல்லி மூன்று போடு. பழைய சத்துப் பட்டியல்களில் 100 கிராம் நெல்லியில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்று இருக்கும். இன்றைக்கும் மேடைக்கு மேடை அதைத்தான் சொல்கிறார்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் திரும்ப அளந்து 2017-ல் வெளியிட்ட பட்டியலில் அது 250 சொச்சம்தான். இதில் மனம் வாட ஒன்றுமில்லை. வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் போதும் என்பது கணக்கு. காட்டு நெல்லி மூன்று போட்டாலே கிட்டத்தட்ட முடிந்தது. அதே பட்டியலில் கொய்யாவுக்கும் 200-க்கு மேல் இருக்கிறது. கொய்யா இருக்கும் மாதத்தில் நெல்லி கிடைக்கவில்லையே என்று தவிக்க வேண்டாம்.

நெல்லியைக் கொட்டை நீக்கிக் கடைசியில்தான் ஜாரில் போட வேண்டும். காரணம் இருக்கிறது. வெள்ளரி போன்ற சில காய்களில் வைட்டமின் சி-யைச் சிதைக்கிற நொதி ஒன்று உண்டு. காய் முழுசாக இருக்கும்வரை அது சும்மா இருக்கும். அரைபட்டதும் வேலையைத் தொடங்கும். புளிப்பு அதை மட்டுப்படுத்தும், ஆனால் நிறுத்தாது. காற்றும் தன் பங்குக்குச் சத்தைத் தின்னும். ஆகவே முதலில் காயை அரை, முடிவில் நெல்லியைப் போட்டு ஒரு சுற்று, உடனே டம்ளரில் ஊற்று, உட்கார்ந்து குடி. காலையில் அரைத்துச் சாயங்காலம் குடிப்பதற்கு இவ்வளவு பாடு எதற்கு?

நெல்லி, எலுமிச்சை, புளி எதையும் பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரத்தில் வைக்காதே. எவர்சில்வர், கண்ணாடி, மண் போதும்.

6. வாழைப்பழம் போட்டால் கெட்டியாக, வழுவழுவென்று வரும். எல்லோரும் அதனால்தான் போடுகிறார்கள். நறுக்கிய வாழையும் ஆப்பிளும் கறுப்பது எதனாலோ, அந்த நொதி ஜாரிலும் வேலை செய்யும். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2023-ல் ஒரு சோதனை செய்தார்கள். வாழைப்பழம் சேர்த்த ஸ்மூத்தி குடித்தவர்களின் உடம்பில், ஃப்ளேவனால் என்ற நல்ல பொருள் சேர்ந்த அளவு 84 சதவீதம் குறைந்திருந்தது. பெர்ரி வகைகள், திராட்சை, கோகோ போன்றவற்றில் இருக்கும் பொருள் அது. அதற்காக வாழைப்பழம் கெட்டது என்று ஆகிவிடாது. நாவலையோ திராட்சையையோ சத்துக்காகப் போடுகிற அன்று வாழையைச் சேர்க்காதே, அவ்வளவுதான் பொருள்.

கெட்டியாக்க நம்மிடம் வேறு வழி இருக்கிறது. ஆறிய கேழ்வரகுக் கூழ் ஒரு கரண்டி, இல்லாவிட்டால் குழைய வெந்து ஆறிய சாமைச் சோறு ஒரு கை. கேழ்வரகு மாவில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. இந்த வழுவழுப்போடு அதுவும் சேர்ந்து வரும். பச்சை மாவைக் கரைத்துக் கொட்டிவிடாதே. வேக வைத்ததுதான்.

7. சீத்தாப்பழத்தை மிக்சியில் போடாதே. இங்கே சீத்தா காலத்தில் கூடை கூடையாக இறங்கும். கைக்கு எட்டியதை அரைக்கத் தோன்றும். கொட்டையை ஒவ்வொன்றாக எடுக்கச் சோம்பி, இரண்டு சுற்று சுற்றினால் பிரிந்துவிடும் என்று சில பேர் நினைக்கிறார்கள். கொட்டை முழுசாக வயிற்றுக்குள் போனால் அப்படியே வெளியே வந்துவிடும். உடைந்தால் கதை வேறு. உள்ளே இருப்பது நஞ்சு. பேனுக்கு மருந்து என்று சீத்தாக்கொட்டையை அரைத்துத் தலையில் தேய்த்து, அது கண்ணில் பட்டு விழி புண்ணாகி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

சரி, எப்படிச் செய்வது? நன்றாகக் கனிந்த பழத்தைப் பிளந்து சதையைச் சல்லடையில் போட்டு, அகப்பையின் பின்புறத்தால் மெதுவாகத் தேய். சதை கீழே இறங்கும், கொட்டை மேலே தங்கும். இறங்கிய சதையில் குளிர்ந்த பாலோ மோரோ ஊற்றி மத்தால் நாலு கடை கடை. சூடு காட்டாதே, சீத்தாச் சதை சூடானால் கசந்துபோகும். காய் சேர்க்க வேண்டும் என்று ஆசையிருந்தால், வேகவைத்து ஆறிய மஞ்சள் பூசணியை மசித்துக் கொஞ்சம் சேர், இரண்டும் ஒத்துப்போகும். என்னைக் கேட்டால் சீத்தாவுக்குக் காய்த் துணையே வேண்டாம்.

8. பப்பாளியையும் அன்னாசியையும் பாலோடு அரைத்து வைக்காதே. இரண்டிலும் புரதத்தை அறுக்கும் நொதி உண்டு. கறியைச் சீக்கிரம் வேகவைக்கப் பப்பாளிக்காய் போடுவது அதனால்தான். பாலின் புரதத்தையும் அது அறுக்கும். கொஞ்ச நேரத்தில் பால் திரிந்து கசப்பு வந்துவிடும். உடனே குடித்தால் தப்பிக்கலாம். நான் பப்பாளிக்குத் தேங்காய்ப்பால் ஊற்றுவேன். அதில் இன்னொரு லாபமும் உண்டு: பப்பாளி, கேரட், பூசணியில் இருக்கும் மஞ்சள் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். தேங்காய்ப்பால் இல்லாவிட்டால் வறுத்த வேர்க்கடலை ஒரு ஸ்பூன் சேர்த்து அரை. கேரட்டை ஆவியில் அரைவேக்காடாக வேகவைத்தால் அந்தச் சத்து இன்னும் நன்றாகப் பிரியும்; மிக்சியும் திணறாது.

9. கீரையில் தாராளம் காட்டாதே. பச்சை நிறம் வர வேண்டும் என்று பாலக்கைக் கட்டுக்கட்டாகப் போடுகிறார்கள். பாலக்கிலும் பீட்ரூட்டிலும் ஆக்சலேட் நிறைய. சிறுநீரகக் கல் வந்தவர்கள் தினமும் பச்சையாக அரைத்துக் குடித்தால் வினையை விலைக்கு வாங்குவதுதான். புதினா, கொத்தமல்லி போன்ற வாசனை இலைகள் ஒரு கைப்பிடி போதும். முருங்கைக் கீரை வேண்டுமென்றால் வெந்நீரில் முக்கி எடுத்து, எலுமிச்சை பிழிந்து சேர். புளிப்பு இருந்தால் கீரையின் இரும்புச் சத்தை உடம்பு கூடுதலாக எடுக்கும். பீட்ரூட் குடித்த மறுநாள் சிறுநீர் சிவந்தால் பயப்படாதே. அங்கன்வாடிக்கு இதற்காகப் பதறி ஓடி வந்த தாய்மார்கள் உண்டு.

10. தண்ணீரும் ஐஸும். சுனைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து இருக்கும். தெளிவைக் கண்டு ஏமாறாதே. மேலே மாடு மேய்கிறது. தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் முழுசாகக் கொதித்த தண்ணீரை ஆறவைத்து மண்பானையில் ஊற்றி வை. பானையின் மேல் கசிந்த நீர் ஆவியாகும்போது உள்ளே இருப்பது குளிர்ந்துவிடும். நம் மலைக்காற்றுக்கு அந்தக் குளிர்ச்சியே போதும். ஐஸ் கடையில் வாங்குவது எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று உனக்குத் தெரியாது. காயை நறுக்குவதற்கு முன் கழுவு. நறுக்கிய பிறகு கழுவினால் அழுக்கு உள்ளே போகும், சத்து வெளியே போகும்.

11. மிக்சியைத் தெரிந்துகொள்.

பாத்திரத்தின் அடியில் சுழலும் கத்தியை வைத்துப் பானம் அடிக்கும் யோசனைக்கு அமெரிக்காவில் ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி என்பவர் 1922-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சோடாக் கடையில் பால் பானம் கலக்குவதற்கு அது. அங்கே உண்டான இயந்திரங்கள் மென்மையானதைக் கலக்கத்தான் லாயக்கு. நம் மஞ்சளையும் தேங்காயையும் போட்டால் மோட்டார் கருகிவிடும். 1963-ல் மாதுரி மாத்தூர் என்ற அம்மாவின் வீட்டு மிக்சி பழுதானது. பொறியாளரான கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் இந்தியச் சமையலுக்கென்றே ஒன்றைச் செய்தார். அதுதான் சுமீத். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில்தான் மலைமேல் பல வீடுகளுக்கு முதல் மிக்சி வந்தது. அம்மா மிக்சி என்றால் இன்றைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

ஜாரில் முதலில் தண்ணீரோ மோரோ ஊற்று, அதன்மேல் மென்மையானது, அதன்மேல் கெட்டியானது. ஜாரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதே. சூடானதை மூடிபோட்டு ஓட்டாதே. ஆவி மூடியைத் தூக்கி அடித்து முகம் வெந்துவிடும். தொடர்ந்து ஓட்டாமல் விட்டுவிட்டு ஓட்டு. திடீரென்று நின்றுவிட்டால் மெக்கானிக்கைத் தேட வேண்டாம்; பெரும்பாலான மிக்சிகளில் அடியில் ஒரு பொத்தான் இருக்கும். பாரம் தாங்காமல் அது வெளியே தள்ளியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு அதை அழுத்தினால் மறுபடி ஓடும். நம் பக்கம் சாயங்காலத்தில் மின்னழுத்தம் இறங்கும். மோட்டார் முனகினால் உடனே நிறுத்து.

மின்சாரமே இல்லையா? மத்தும் சல்லடையும் எடு. நாவல், சீத்தா, பப்பாளி, மாம்பழம், விளாம்பழம் எதற்கும் கத்தி வேண்டியதில்லை. வெள்ளரியைக் காய்ச்சீவியில் சீவி அம்மியில் வைத்து நசுக்கினால் போதும். நாவல்கொட்டையைச் சல்லடையில் நீக்கி மோரில் கடைந்து உப்புப் போட்டுக் குடித்துப் பார். மிக்சியில் அடித்ததைவிட அதுதான் எனக்குப் பிடிக்கும்.

12. தேனும் சர்க்கரைதான். நம் மலைத்தேன் என்றால் நமக்கு ஒரு பெருமை, இருக்க வேண்டியதுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன சர்க்கரைக் கணக்கில் தேன், வெல்லம், பழச்சாறு எல்லாம் உண்டு. ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் கீழே, முடிந்தால் 25 கிராமுக்குக் கீழே. டீயிலும் பலகாரத்திலும் போவதைச் சேர்த்துப் பார், மிச்சம் எவ்வளவு என்று தெரியும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூட நாக்கில் தடவக் கூடாது. சேனை வைக்கிறேன் என்று யார் வந்தாலும், பாட்டியே ஆனாலும், தடுத்துவிடு.

13. கீழே விழுந்ததில் கடிபட்ட பழத்தை எடுக்காதே. வௌவால், அணில், கிளி எது கடித்ததானாலும் சரி. கேரளத்தில் 2018 மே மாதம் கோழிக்கோட்டிலும் மலப்புரத்திலும் நிப்பா வைரஸ் பரவியபோது 17 பேர் இறந்தார்கள். அந்த வைரஸின் தங்குமிடம் பழந்தின்னி வௌவால். கடித்த பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போடுகிற சிக்கனம் இங்கே வேண்டாம். வெளியிலிருந்து வாங்கும் மாம்பழம் ஒரே மாதிரி மஞ்சளாக இருந்து, உள்ளே புளித்தால், கல் வைத்துப் பழுக்கவைத்தது என்று சந்தேகப்படு. கார்பைடுக்கு நாட்டில் தடை உண்டு. தடை இருக்கும் இடத்திலும் அது விற்கிறது. வீட்டில் வைக்கோல் போட்டு மூடி வைத்தாலே பழுத்துவிடும்.

14. சிலருக்கு இந்தப் பானம் ஆகாது. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும். ஒரு வயது வரை சாறு வேண்டாம், மசித்துக் கையால் ஊட்டு. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு வாழைப்பழம், தக்காளி, இளநீர் எல்லாமே டாக்டரைக் கேட்டுத்தான். நட்சத்திரப் பழம் அவர்கள் பக்கமே போகக் கூடாது; அதில் இருக்கும் நஞ்சைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுபவர்கள் திடீரென்று கீரை குடிக்க ஆரம்பித்தால் மாத்திரையின் வேலை குழம்பும். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டே பாகற்சாறும் குடித்தால் சர்க்கரை வேண்டியதற்கு மேல் இறங்கிவிடலாம். எந்தச் சாற்றுக்காகவும் மாத்திரையை நிறுத்தாதே.

15. தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லித்தருகிறேன். இரண்டு டம்ளருக்கு: வெள்ளரிக்காய் ஒன்றரை (கடித்துப் பார்த்தது), நடுத்தரக் கொய்யா ஒன்று, காட்டு நெல்லி மூன்று, புதினா பத்து இலை, சுண்டுவிரல் நுனியளவு இஞ்சி, மோர் ஒரு டம்ளர், உப்பு ஒரு சிட்டிகை. கொய்யாவைத் தனியே அரைத்து விதை நீக்கிக்கொள். மோர், வெள்ளரி, இஞ்சி, புதினா ஒரு சுற்று. கொய்யாச் சதையைச் சேர்த்து இன்னொரு சுற்று. நெல்லியைப் போட்டுக் கடைசிச் சுற்று. துவர்ப்பு தூக்கலாக இருந்தால் அடுத்த முறை நெல்லியைக் குறை, வெல்லத்தைக் கூட்டாதே. இது கைக்கு வந்ததும் கொய்யா இருந்த இடத்தில் மாம்பழம், வெள்ளரி இருந்த இடத்தில் தக்காளி என்று மாற்றிப் பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. அப்போதுதான் எது எதைக் கெடுத்தது என்று நாக்குக்குப் புரியும்.

16. ஜாரைக் குடித்த கையோடு கழுவு. கொஞ்சம் தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, ஒரு சுற்று. அப்புறம் மூடியின் ரப்பர் வாஷரைக் கழற்றித் தேய்த்து வெயிலில் வை. வாஷருக்கு அடியில்தான் பூஞ்சை பிடிக்கும், யாரும் அங்கே பார்ப்பதில்லை.

17. சுயஉதவிக் குழுப் பெண்கள் ஜமுனாமரத்தூர் கோடை விழாவில் கடை போடலாமா என்று கேட்கிறார்கள். போடுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். சின்னக் கடைக்கும் அது வேண்டும். காய்ச்சிய தண்ணீரைக் காலையிலேயே பானைகளில் நிரப்பி எடுத்துப் போங்கள். முன்கூட்டியே அரைத்துப் பாட்டிலில் அடைத்து அடுக்காமல், வாங்குபவர் கண்முன்னே அரைத்துக் கொடுங்கள். சுரைக்காயும் பாகற்காயும் கடையில் வேண்டாம். வெள்ளரியை நறுக்குகிறவளே ஒவ்வொரு காயிலும் ஒரு துண்டு கடித்துப் பார்க்கட்டும். மத்தியானத்துக்குள் வயிறு நிறைந்துவிடும், அதனால் ஆளை மாற்றி உட்காருங்கள்.